துக்க வீட்டில் பிஸ்கட் சுட்டுப் பூப் போடலாமா?

ஜூன் 8, 2025: ஒரு வாசகியின் கேள்வி

மாமனார் தவறி மூன்று மாதம் ஆகிறது. பெருந்துறைக்குப் பக்கத்தில் கூட்டுக் குடும்பம். பகலில் வேலை ஓடிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். பிஸ்கட் சுட்டு அதன் மேல் ஐசிங்கில் பூ வரைய எனக்குத் தெரியும். மறுபடி செய்ய வேண்டும் போல இருக்கிறது. வருஷம் திரும்புவதற்குள் பலகாரமா என்று மாமியாரின் தங்கை கேட்கிறார். நான் செய்வது மரியாதைக் குறைவா?

ஜூன் 8, இரவு

இல்லை. செய்யுங்கள்.

ஜூன் 9

நேற்றுச் சொன்னது போதாது. ஏன் செய்யச் சொல்கிறேன் என்று எழுதுகிறேன்.

என் அக்கா போன ஆவணியில் இறந்தாள். அதற்கு முன் பல மாதம் படுக்கையில் இருந்தாள். கஞ்சியை வடிகட்டுவது, மாத்திரையை இரண்டாக உடைப்பது, வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பு துடைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று நாள் முழுக்க என் கைகளுக்கு வேலை இருந்தது. அவளை எடுத்த அன்றே அத்தனையும் நின்றுவிட்டது. கருமாதி வரை வீடு நிறைய ஒறம்பரை. சோறுகூட அவர்கள்தான் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம் மாத்திரை நேரம் வந்துவிட்டதென்று எழுந்து சமையலறை வரை போய்விடுவேன். போய் நின்ற பிறகுதான் உறைக்கும். துக்கம் நெஞ்சை அடைக்கும் என்பார்கள். எனக்கு அது இரண்டு கைகளிலும் இருந்தது.

தோட்டத்தில் வேலை இல்லாமல் இல்லை. மாடு இருக்கிறது, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். ஆனால் அவை அவள் நன்றாக இருந்தபோதும் நடந்த வேலைகள். அவளுக்கென்று செய்த வேலை இருந்த இடம்தான் வெறுமையாகிவிட்டது. அந்த இடத்துக்கு நிதானமாகச் செய்கிற ஒரு வேலை வேண்டியிருந்தது. கண்ணும் விரலும் சேர்ந்து செய்ய வேண்டும், கடைசியில் ஒருவர் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். பிஸ்கட்டில் அது எனக்குக் கிடைத்தது.

அக்கா மகள் இப்போது எங்களோடு கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அவளும் என்னோடு உட்கார்ந்து வரைகிறாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 11

அளவு கேட்டவர்களுக்கு.

மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். முட்டை இல்லை. பேக்கிங் பவுடரும் இல்லை. அதைப் போட்டால் பிஸ்கட் உப்பி, விளிம்பு மழுங்கி, வரைவதற்குச் சமமான பரப்பு கிடைக்காது.

எங்கள் பக்கம் வெண்ணெய் என்றால் ஊத்துக்குளி வெண்ணெய்தான். உப்பில்லாதது என்பதால் இதற்கு மிகவும் ஏற்றது. தண்ணீரில் போட்டு வைத்த வெண்ணெய் என்றால், எடுத்துத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு நிறுத்துப் போடுங்கள். ஈரம் தங்கினால் மாவு இழுவையாகி, பிஸ்கட் கரகரப்பை இழக்கும். வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்றால், போடலாம். ஆனால் அது நான்கட்டாய். வாயில் கரையும், கையில் உதிரும். மேலே வரைய வராது.

வெண்ணெய் விரல் அழுந்தும் பதத்தில் இருக்க வேண்டும், உருகக் கூடாது. சர்க்கரையோடு குழைத்து, மைதாவைச் சேர்த்து, திரண்டதும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவைப் பிசைவது போலப் பிசையக் கூடாது. ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டம்ளர் வாயால் வெட்டுங்கள். வெட்டியதைத் திரும்பவும் கால் மணி நேரம் குளிர வையுங்கள். இதைத் தவிர்த்தால் வட்டம் வட்டமாக இருக்காது. ஓவனில் 170 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறத்துக்குத் திரும்பும்போதே எடுத்துவிடுங்கள். அப்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகிவிடும். சூட்டோடு வரைந்தால் ஐசிங் இளகி வழியும். முழுக்க ஆற வேண்டும்.

ஜூன் 11, இரவு

மேலே சொன்ன நேரம் ஓவனுக்கு. குக்கர் என்றால்: அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கல்லுப்பு, அதன் மேல் ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் தட்டு. காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு தட்டை உள்ளே வையுங்கள். சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். நான் முதலில் குக்கரில்தான் சுட்டேன்.

ஜூன் 15

என்ன வரைவது என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

அக்காவிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. ரூல் போட்ட பள்ளிக்கூட நோட்டு. புள்ளி பென்சிலில், கம்பி நீலப் பேனாவில். ஓரத்தில் "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்று அவள் கையெழுத்து. மார்கழியில் அதைப் பார்த்துத்தான் போடுவோம். எழவு வீட்டு வாசலில் கோலம் கிடையாது. காரியமெல்லாம் முடிந்து, இனிப் போடலாம் என்று அம்மா சொன்ன பிறகும் கோலப்பொடிக் கிண்ணத்தை என்னால் எடுக்க முடியவில்லை. வாசலைத் தெளித்துக் கூட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பிஸ்கட்டில் போட்டுப் பார்த்தேன். அது முடிந்தது. ஏன் வாசலில் வராதது பிஸ்கட்டில் வந்தது என்று பல நாள் யோசித்தேன். வாசல் கோலத்தை ஊரே பார்க்கும், இந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அது சொல்லிவிடும். பிஸ்கட் எங்கள் மேசை மேல் இருக்கிறது, யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

கையைப் பழக்கும் விதம் இது. தடித்த பிளாஸ்டிக் தாளைக் கூம்பாகச் சுருட்டி, ஐசிங்கை நிரப்பி, முனையைக் கடுகு நுழையும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முனையைப் பிஸ்கட்டில் தொட்டு, உடனே ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஐசிங் நூலாகக் காற்றில் தொங்கும். கை வளைகிற பக்கமெல்லாம் அந்த நூல் பின்னாலேயே வந்து படியும். முனையைப் பரப்பில் உரசிக்கொண்டே இழுத்தால் கோடு நடுங்கும். மாக்கோலம் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். விரலிடுக்கில் இருந்து இழை இறங்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நூல் தொங்குகிற அந்தக் கணத்தில் வேறெதையும் நினைக்க முடியாது. மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

டம்ளர் வட்டத்துக்கு 7 புள்ளி தாங்காது. 3 புள்ளி நன்றாக வரும், கொஞ்சம் பழகினால் 5 புள்ளிச் சிக்குக் கோலம் வரை கொள்ளும்.

ஜூன் 22

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டாமே, பிஸ்கட் சுடுவது எந்த நிலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அக்கறையோடு கேட்டதால் நானும் அக்கறையோடு சொல்கிறேன்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதினார். சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து அவர் கண்டது அது. பிறகுதான் அதைப் பின்னால் தங்கிவிட்டவர்களுக்கும் பொருத்திப் பேசும் வழக்கம் பரவியது. படி ஏறுவது போல ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் மூன்றாவதிலேயே இருக்கிறேனே என்று தன்னைத்தானே வருத்திக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அது தேவையில்லாத வேதனை.

எனக்கு உதவியது வேறொரு கருத்து. நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்தது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் வருவார். இந்தப் போக்குவரத்துதான் இயல்பு, இரண்டில் எது இல்லாமல் போனாலும் நல்லதல்ல என்பது அதன் சாரம். கோடு போடும்போது மறந்திருப்பேன். காய வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அழுவேன். அடுத்த தட்டு வந்ததும் எழுந்துவிடுவேன். ஒரே மாலையில் இரண்டும் நடக்கும்.

ஜூன் 23

ஆர்டர் எடுக்கச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். இதைத் தொழிலாகச் செய்து குடும்பத்தைத் தாங்குகிற பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் பெரிய மதிப்பு உண்டு. நான் விலை போட ஆரம்பித்தால் நாளைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும். அவசரமில்லாமல் செய்யத்தான் இதை எடுத்தேன்.

ஜூலை 6

முட்டை சேர்க்காத ஐசிங்.

துக்க வீடு என்பதால் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டையும் உள்ளே வராது. கவுச்சி சாப்பிடும் வீட்டிலும் பச்சை முட்டை வெள்ளைக்கரு எனக்குச் சம்மதமில்லை. சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், குழந்தைகள் சாப்பிடுவது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல், வெண்டைக்காய் வழவழப்பு வரும் வரை சுண்டக் காய்ச்சி ஆற வையுங்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரொசெல் என்பவர் பருப்பு வேகவைத்த நீரை வெள்ளைக்கரு போல நுரைக்க வைக்கலாம் என்று 2014இல் காட்டினார். அதிலிருந்து உலகம் முழுக்க இப்படிச் செய்கிறார்கள். 200 கிராம் ஐசிங் சுகருக்கு இந்த நீர் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். நன்றாக அடித்தால் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். கடலை வாசம் எலுமிச்சையில் அடங்கிவிடும்.

கோட்டுக்கு இந்தக் கெட்டிப் பதம். உள்ளே நிரப்ப, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தளர்த்துங்கள். கரண்டியிலிருந்து விழும் கோடு, பத்திலிருந்து பதினைந்து எண்ணுவதற்குள் பரப்போடு கலந்து மறைந்தால் பதம் சரி. அதற்கு முன்னால் மறைந்தால் ஓடிவிடும். இன்னும் கொஞ்சம் சர்க்கரை.

நிறத்துக்குக் கடையில் விற்கும் ஜெல் இருக்கிறது. நாங்கள் தோட்டத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டோம். பீட்ரூட் சாறு இளஞ்சிவப்பு. ஈரோட்டு மஞ்சள் ஒரு ஊசி முனை போதும், கூடினால் வாடை வந்துவிடும். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவின் இதழ்களைக் கொஞ்சமே கொஞ்சம் வெந்நீரில் ஊற வைத்துப் பிழிந்தால் நல்ல நீலம். இந்த நீலத்துக்குச் சாதாரணத் தண்ணீரில் அடித்த ஐசிங்தான் வேண்டும். எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும்.

அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டாள். நீலக் கிண்ணத்தில் ஒரு சொட்டு எலுமிச்சை விழுந்த இடத்தில் ஊதா வளையம் விரிந்தது. "இன்னொரு சொட்டு விடுங்கள் சின்னம்மா" என்றாள். விட்டேன். பிறகு எலுமிச்சை மூடியை அவளே வாங்கிப் பிழிந்துகொண்டாள். கிண்ணம் முழுக்கத் தண்ணீராகிப் போனது, எதற்கும் உதவாது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கண்ணைக் காட்டினேன். பள்ளியிலிருந்து வந்தால் பையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளை. சர்க்கரை போனால் போகட்டும்.

ஜூலை 25

நேற்று ஆடி அமாவாசை. மாமா லோடு இறக்கிவிட்டு நேராகப் பவானி கூடுதுறைக்குப் போய் முழுகிவிட்டு வந்தார். ஆற்றங்கரையில் நிற்க இடமில்லையாம். வீட்டில் அக்காவுக்குப் படையல். அவளுக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், தயிர். இலை போட்டு முடித்த பிறகு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பிஸ்கட்டிலும் இரண்டு வை கண்ணு" என்றார்.

இதுவரை அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. வைத்தேன். பிள்ளை ஓடிப்போய், தான் வரைந்ததுதான் வேண்டுமென்று வேறு இரண்டை எடுத்துவந்து மாற்றி வைத்தாள். ஒன்றில் பூ. இன்னொன்றில் லாரி.

ஆகஸ்ட் 2

காயவில்லை, ஒட்டுகிறது என்பவர்களுக்கு: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று வீசும்போதே செய்துகொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து, மெல்லிய துணியால் மூடி வைத்தால் இரவுக்குள் மேல்தோல் இறுகிவிடுகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காற்றே ஈரம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். காயாமல் அடுத்த நிறம் போட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்.

ஆகஸ்ட் 17

இரண்டு விஷயம்.

வெள்ளைக்காரன் பழக்கத்தை எதற்குத் துக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சாவையும் மாவையும் சேர்த்து வைக்காத நாடு குறைவு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சாவுக்கு வந்தவர்களுக்கு வெள்ளைத் தாளில் சுற்றிக் கறுப்பு மெழுகு முத்திரை வைத்த பிஸ்கட் கொடுத்தார்கள். மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்காக ரொட்டி சுடுகிறார்கள்; அதன் மேல் எலும்பு வடிவத்தில் மாவை உருட்டி வைக்கிறார்கள். நாம் மாரியம்மனுக்குப் பச்சரிசி மாவிலும் வெல்லத்திலும் மாவிளக்கு பிடித்துப் பொட்டு வைத்துப் பூச்சூட்டி எடுக்கிறோம். மாவைக் கையால் அழகுபடுத்தி, மனதில் இருப்பதை அதில் வைப்பது நமக்கு அந்நியமானதே அல்ல.

இரண்டாவது, முதல் கேள்விக்கே திரும்பப் போகிறேன். செய்யுங்கள் என்று சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் வருஷம் திரும்பும் வரை துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அப்போது வெறும் தடையாகத்தான் பார்த்தேன். ஓவன் எண்ணெய்ச் சட்டி இல்லையே என்று வாதாடவும் சிலர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் தாராபுரத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அவரிடமே கேட்டேன். "இழவு விழுந்த வீட்டுக்காரி அடுப்பில் வேகக் கூடாது, பலகாரம் நாங்கள் கொண்டுவர வேண்டும், அதற்காக வைத்தது" என்றார். போன தீபாவளிக்கு அவர் வீட்டுக் கச்சாயமும் முறுக்கும் தூக்குப்போசியில் வந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு அது வேண்டியிருந்தது. அந்த வாரம் நான் எதையும் சுடும் நிலையில் இல்லை.

ஆகவே பெருந்துறை வாசகிக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். மாமியாரின் தங்கையோடு வாதம் வேண்டாம். அவர் பலகாரம் கொண்டுவந்தால் மனம் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்ததைப் பாத்திரத்தில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை.

செப்டம்பர் 9

அக்காவுக்கு வருஷத் திதி முடிந்தது. அந்த வாரம் பிசைந்த மாவு ஃப்ரீசரில் அப்படியே கிடக்கிறது. ஃப்ரீசரில் ஒரு மாதம் கெடாது, கிடக்கட்டும். வராத நாளில் வற்புறுத்திச் செய்யாதீர்கள். இது மருந்து என்று எங்கேயும் நான் சொல்லவில்லை.

மகன் போய் ஆறு மாதமாகிறது, இரவில் தூக்கமே இல்லை, எதிலும் கை போகவில்லை, தானும் போய்விடலாம் போல இருக்கிறது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அம்மா, பிஸ்கட்டைப் பிறகு பார்க்கலாம். 14416க்கு இன்றே கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் இருப்பவர் யாரையாவது உடன் உட்கார வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பேசிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.

செப்டம்பர் 10

அந்த அம்மா பேசிவிட்டார். தங்கை வந்து உடன் இருக்கிறாராம்.

அக்டோபர் 12

தீபாவளி 20ஆம் தேதி. எங்களுக்கு வருஷம் திரும்பிவிட்டது. பெருந்துறையில் இன்னும் திரும்பவில்லை. அந்த வாசகி எழுதியிருக்கிறார். மாமியாரின் தங்கை அதிரசம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாராம், அவருக்கே கொடுத்தனுப்ப நாட்டுச் சர்க்கரையில் பிஸ்கட் செய்ய முடியுமா என்று மாமியார் கேட்கிறாராம்.

முடியும். கவுந்தப்பாடிச் சந்தைச் சர்க்கரை கிடைத்தால் வாங்குங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரை அது. வெள்ளைச் சர்க்கரையின் அதே 100 கிராம் போடலாம். ஆனால் நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிஸ்கட் சற்று மெத்தென்று வரும், சூட்டில் பரவும். அதனால் வெட்டிய பிறகு கால் மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம் குளிர வையுங்கள். பழுப்பாக இருப்பதால் வெள்ளைக் கோடு எடுப்பாகத் தெரியும், உள்ளே நிரப்பவே வேண்டாம். ஐசிங்கில் மட்டும் நாட்டுச் சர்க்கரை வேண்டாம், நிறமும் பதமும் கெடும்.

பஸ்ஸில் அனுப்புவதானால், ஓர் இரவு முழுக்கக் காய்ந்த பிறகு, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் தாள் வைத்து எவர்சில்வர் டப்பாவில் நெருக்கமாக அடுக்குங்கள். இடைவெளி இருந்தால் குலுக்கலில் உடையும். மூடி இறுக்கமாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும்.

சர்க்கரையில் கட்டியும் தூசும் இருக்கும். சலித்த பிறகு நிறுத்துப் போடுங்கள்.